கோடையில் படுத்துக்கொண்ட வைஃபை

1. நாலாவது ஆள்

அந்த வீட்டுக்கு நான் போனது நாலாவது ஆளாக. எனக்கு முன்னால் மூன்று டெக்னீஷியன்கள் போய்ப் பார்த்து, "ஓகே" என்று எழுதி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் மறுநாளே அதே வீட்டிலிருந்து அதே கம்ப்ளெயின்ட். வைஃபை ஸ்லோ.

பிள்ளைகளே, உங்கள் நைனா என்ன வேலை செய்கிறான் என்று உங்களுக்கு ஓரளவு தெரியும். திருப்பதியில் வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கிற ஒரு கம்பெனியில் ஃபீல்டு டெக்னீஷியன். கம்பத்தில் ஏறி ஃபைபர் இழுப்பேன், வீட்டுக்குள் ரவுட்டர் மாட்டுவேன், கம்ப்ளெயின்ட் வந்தால் போய்ப் பார்ப்பேன். படிப்பு பத்தாவது, நகரி பக்கத்தில், தமிழ் மீடியம். தெலுங்குப் பேச்சைப் பஸ்ஸிலும் மார்க்கெட்டிலும் கற்றுக்கொண்டேன். என்னைப் பெற்றவர்கள் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். இதையெல்லாம் மறைத்து எழுதினால் இந்தக் கதைக்கு அர்த்தமே இல்லை.

போன வாரம் பெரியவள் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்தாள். "எங்க நைனா வந்துகினு இருக்காரு" என்று சொன்னதற்கு வகுப்பே சிரித்ததாம். தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை, அரைகுறை என்றார்களாம். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

அன்று சனிக்கிழமை காலை. எங்கள் சூப்பர்வைசர் தினகர் சார் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கூப்பிட்டார். அவர் வேலூர்க்காரர். திருப்பதி ஆபீசுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தெலுங்கு தெரியாது, கற்றுக்கொள்ள நேரமும் இல்லை என்பார். எனக்கு முன்னால் அந்த வீட்டுக்குப் போன மூன்று பேரும் அவர் அங்கிருந்து கூட்டிவந்தவர்கள், தமிழ் மட்டும் தெரிந்தவர்கள்.

"வேலு, அலிபிரி ரோடு வீடு மறுபடி வந்துக்குது. ஒரு மணி நேரத்துல முடிச்சிட்டு வா."

"ரீசன் இன்னா சார் போட்டிருக்கு?"

"சம்மர். அந்தப் பொண்ணே போன்ல சொல்லிச்சு, கோட வந்ததுலேர்ந்து ஸ்லோன்னு. வெயில்ல ரவுட்டர் சூடாவுது, அவ்ளோதான். நூறு எம்பி பிளான்லேர்ந்து எரநூறு பிளானுக்கு மாத்திட்டு கம்ப்ளெயின்ட் டிக்கெட்ட க்ளோஸ் பண்ணு."

"சூடானா ரவுட்டரத்தானே சார் மாத்தணும்? பிளான் எதுக்கு?"

"பத்தாங்கிளாஸ் கேள்வி கேக்குது பாருடா" என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். அவரும் சிரித்தார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

2. ரவுட்டருக்குக் காற்று

வீட்டில் நுழைந்ததும் கண்ணில் பட்டது ஒரு டேபிள் ஃபேன். ஹாலில் ரவுட்டருக்கு நேராக வைத்து, முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ரவுட்டர் சுகமாகக் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு நெற்றியெல்லாம் வியர்வை.

அவள் பெயர் பார்கவி. பெங்களூரில் இருக்கிற ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கஸ்டமர் கால் எடுக்கிற வேலை. தெலுங்கு வீடு. சென்னையில் இரண்டு வருஷம் இருந்ததால் தமிழும் பேசுவாள், நடுநடுவே தெலுங்கு வந்து விழும்.

"இது யாரு மா வச்சது?" என்று ஃபேனைக் காட்டினேன்.

"உங்க ஆளுதான் அண்ணா. ரெண்டாவதா வந்தவரு. ரவுட்டருக்கு சூடு ஆகாது, ஃபேன் போடுங்கன்னாரு. வீட்டுல இருக்கறதே ஒரு டேபிள் ஃபேன். என் ரூம்ல இருந்தத எடுத்து இதுக்கு வச்சேன்."

"மொதல்ல வந்தவரு?"

"அடாப்டர் மாத்தினாரு."

"மூணாவது ஆளு?"

"ஜன்னலோரம் வெயில் படுதுன்னு ரவுட்டர இந்தப் பக்கம் மாத்தினாரு. மூணு பேரும் போன்ல டெஸ்ட் பண்ணிக் காட்டி, நல்லாத்தானே வருதும்மான்னு போய்ட்டாங்க. எனக்கு திங்கக்கெழம கடைசி சான்ஸ் அண்ணா. அன்னைக்கு டீம் லீடர் என் கால எல்லாம் கூடவே கேப்பாங்க. ஒரு கால் கட் ஆனாக்கூட என் ஐடிய ப்ளாக் பண்ணிடுவாங்க. அப்புறம் வேலை கிடையாது."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள், "நீங்களும் நல்லாத்தான் வருதுன்னு சொல்லிட்டுப் போகப் போறீங்களா?"

நான் வேலையை ஆரம்பித்தேன். வீட்டுக்குள் வருகிற ஃபைபரில் பவர் மீட்டர் வைத்தேன். மைனஸ் பத்தொன்பது. நல்ல பவர். ரவுட்டரிலிருந்து கேபிள் போட்டு லேப்டாப்பில் ஸ்பீடு டெஸ்ட். நூறு பிளானுக்குத் தொண்ணூற்று எட்டு. ஹாலில் நின்று வைஃபையில் பார்த்தால் தொண்ணூற்று இரண்டு. மூன்று பேர் பார்த்ததும் இதைத்தான். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஹாலில் வேகம் இருக்கத்தான் இருந்தது.

"எப்பலேர்ந்து மா இப்பிடி?"

"கோட வந்ததுலேர்ந்துதான் அண்ணா. அதுக்கு முன்னாடி ஒரு நாள்கூட ஸ்லோ ஆனதில்ல."

கையில் இருந்த கேபிளைக் கீழே வைத்தேன். அதே வார்த்தை. ஆபீசில் தினகர் சார் சொன்னபோது அது என் காதில் வெயிலாக விழுந்தது. இந்த ஹாலில், இந்தப் பெண்ணின் வாயில், அது வேறு மாதிரி விழுந்தது.

"எந்தக் கோட மா? எண்ட காலமா, செவுரா?"

தெலுங்கில் வெயில் காலத்தை எண்ட காலம் என்பார்கள். சுவரைக் கோட என்பார்கள்.

"செவுரு அண்ணா! செவுரு! அதத்தானே நாலு தடவ போன் பண்ணிச் சொல்றேன்! வெயில்னு நான் எப்ப சொன்னேன்?"

நான் சிரித்துவிட்டேன். அவளுக்குக் கோபம். ஆபீசில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று சொன்னதும் அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு போய் ஃபேனை அணைத்தாள். "ரெண்டு நாளா இதுக்குக் காத்து போட்டு நான் வெந்துக்கிட்டிருக்கேன்."

3. பேப்பரில் எழுதிய எண்

ஹாலின் பின்பாதியைத் தடுத்து ஓர் அறை எடுத்திருந்தார்கள். வெள்ளை பெயிண்ட் அடித்த சுவர், ஒரு கதவு. பார்த்தால் சாதாரண சுவர் மாதிரிதான் இருந்தது. அது பார்கவியின் அறை. அங்கே உட்கார்ந்துதான் கால் எடுப்பாள்.

வயசுப் பெண்ணின் அறைக்குள் நாங்கள் போவதில்லை. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை, எல்லோரும் கடைப்பிடிக்கிற மரியாதை. செருப்பை வாசலில் விட்டு, ஹாலில் நின்று, வேலை முடித்து வந்துவிடுவோம். முன்னால் வந்த மூன்று பேரும் ஹாலைத் தாண்டாததற்கு அதுதான் காரணம். நானும் தாண்டவில்லை. ஆனால் அவளை அனுப்பலாமே.

"நீயே போயி உன் சேர்ல உக்காந்து போன்ல டெஸ்ட் பண்ணு மா. நம்பரச் சொல்லு."

போனாள். "நாப்பது" என்று குரல் வந்தது. ஹாலை விடக் குறைவு, ஆனால் நாற்பது தாராளம். வாய்ஸ் கால் எடுக்க அதில் பத்தில் ஒரு பங்கு போதும். எனக்கு மனசு தளர்ந்தது. சுவர் இல்லையோ?

"இப்பிடியேதான் உக்காந்து வேலை பண்ணுவியா மா? வேற ஒண்ணும் மாத்த மாட்டியா?"

"கதவ சாத்திக்குவேன். பின்னாடி சத்தம் கேட்டா மார்க் கொறைப்பாங்க. நாய்னா டிவிய சத்தமா வைப்பாரு."

"அப்ப சாத்திக்க. சாத்திட்டு டெஸ்ட் பண்ணு."

கதவு மூடியது. ஒரு நிமிஷம் கழித்துக் கதவைத் திறந்துகொண்டு வந்து, "பாருங்க அண்ணா" என்று போனை நீட்டினாள். டெஸ்ட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கதவைத் திறந்ததும் எண் மளமளவென்று ஏறி முப்பத்தெட்டில் நின்றது. "உள்ள ரெண்டுதான் காட்டிச்சு அண்ணா, சத்தியமா!" என்றாள்.

பிள்ளைகளே, அந்த நிமிஷத்தை நன்றாகப் பாருங்கள். பாதிக்கப்பட்டவள் சாட்சியைக் கொண்டுவந்து காட்ட வெளியே வந்தாலே சாட்சி மாறிவிடுகிறது. நாலு நாளாக அவள் சொன்னதை யாரும் நம்பாமல் போனது இப்படித்தான்.

"ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்க. கதவத் தொறக்காத. மூணு தடவ டெஸ்ட் பண்ணு, மூணு நம்பரையும் எழுது, அப்புறமா வா."

எழுதிக்கொண்டு வந்தாள். இரண்டு. ஒன்றரை. மூன்றாவதில் எண்ணே இல்லை, "போச்சு" என்று எழுதியிருந்தாள்.

திறந்த கதவு வழியாக உள்ளே பார்த்தேன். அவளுடைய ஷிஃப்ட் நேரம் எழுதிய தாள் சுவரில் ஒட்டியிருந்தது. ஆணி இல்லை, டேப் இல்லை. தாளின் நாலு மூலையிலும் ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்த பொம்மை. மாம்பழம், கிளி, ஆட்டோ, இன்னொரு மாம்பழம்.

செங்கல் சுவரில் காந்தம் எப்படி நிற்கும்? ஹால் பக்கம் விரலை மடக்கித் தட்டினேன். டங் என்றது.

4. சேஷய்யாவின் கோட

"எவர்ரா என் கோடைய தட்றது?" என்று பின்கட்டிலிருந்து ஒரு குரல். பார்கவியின் அப்பா சேஷய்யா. ஸ்ரீசிட்டி ஃபேக்டரிகளில் ஷெட் போடுகிற ஃபேப்ரிகேட்டர். தோளில் துண்டு, கையில் காபி டம்ளர்.

"நான்தாங்க அண்ணா, நெட்டுக்காரன். இந்த செவுரு எதுல கட்டினது?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஃபேக்டரி பேனல்பா. கோல்டு ஸ்டோரேஜுக்குப் போடுவாங்களே, அது. ரெண்டு பக்கம் ஷீட்டு, நடுவுல தெர்மோகோல். சைட்டுல மிச்சம் ஆனத சொல்லி வாங்கினேன். கதவும் அதேதான். நானே ஒத்தை ஆளா நிக்க வச்சேன். உள்ள போயி பாரு, ஏசி இல்லாமலே எப்பிடி சல்லகா இருக்குன்னு! வெளிய சத்தமும் வராது. எம் பொண்ணு உக்காந்து வேலை செய்யணும்னுதான்."

சல்லகா என்றால் குளுமையாக. மகளுக்கு வெயில் படக் கூடாது, சத்தம் கேட்கக் கூடாது என்று ஒரு மனிதர் தன் கையால் கட்டிய அறை. அந்த அறைதான் அவள் வேலையைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அப்போது என் போன் அடித்தது. தினகர் சார்.

"இன்னா வேலு, ரெண்டு மணி நேரம் ஆச்சு. பிளான் மாத்தினியா?"

"இல்ல சார். பிளான் மாத்தினா ஹால்லதான் வேகம் ஏறும். ரூமுக்குள்ள இதே ரெண்டுதான் வரும். தகரத்துல கட்டின செவுரு சார். சிக்னல் உள்ள போவல."

"அது அவங்க வீட்டு செவுரு. நம்ம ப்ராப்ளம் இல்ல. எரநூறு போடு, டிக்கெட்ட க்ளோஸ் பண்ணிட்டு வா."

"அப்ப திங்கக்கெழம அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடும் சார்."

"மூணு பேரு ஓகேன்னு எழுதியாச்சு. நீ இன்னா பெரிய இன்ஜினியரா?"

"இல்ல சார். அதனாலதான் ஒக்காந்து பாத்துக்கினு இருக்கேன்."

"இப்ப வர்றியா, மெமோ போடட்டுமா?"

"போடுங்க சார். இத முடிச்சிட்டு வந்து வாங்கிக்கிறேன்."

போனைப் பையில் போட்டேன். பயம் இருந்தது, அதையும் மறைக்க மாட்டேன். வேலை போனால் உங்கள் இரண்டு பேர் முகமும்தான் முதலில் கண்முன் வரும். ஆனாலும் எழுந்து போகக் கால் வரவில்லை.

சேஷய்யா எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். "இன்னாபா சொன்ன? என் கோடமேல தப்பா?"

"கோட நல்ல கோட அண்ணா. அது வெயில விடாது, சத்தத்த விடாது. அதே மாதிரி வைஃபையையும் விடாது. செங்கலா இருந்தா பாதியாவது உள்ள போவும். தகரத்துல பட்டா திரும்பிடும்."

"அரவோடு வந்து எனக்கு ஷீட்டப் பத்தி சொல்றான் பாரு!" தமிழ்க்காரனை இங்கே கேலியாக அரவோடு என்பார்கள். "முப்பது வருஷமா ஷீட்டுல வேலை செய்றேன் நான்."

எனக்கும் ரோஷம் வந்தது. கம்பெனி ட்ரெய்னிங்குக்குச் சென்னை போனால் என்னைக் கொல்ட்டி என்பார்கள். இங்கே வந்தால் அரவோடு. இரண்டு பக்கமும் கதவைச் சாத்தினால் நான் எங்கே நிற்பது? தெலுங்கிலேயே அவரிடம் சொன்னேன்: நீங்கள் முப்பது வருஷக்காரர், நான் சொல்வதை நம்ப வேண்டாம், உள்ளே போய் உட்கார்ந்து நீங்களே பாருங்கள் என்று.

சவால் என்றதும் அவர் டம்ளரை வைத்துவிட்டார். அறைக்குள் போய் மகளின் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் போனில் சிம் டேட்டாவை நிறுத்தி, வைஃபை மட்டும் வைத்தோம். அங்கிருந்து ஹாலில் இருந்த பார்கவிக்கு வீடியோ கால் போட்டார். கதவு திறந்திருந்தவரை பேச்சு மழை மாதிரி கொட்டியது. "இப்ப சாத்துங்க நாய்னா" என்றாள் அவள். சாத்தினார். "ஆ! இப்பவும் நல்லாத்தானே..." என்று வாயைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பார்கவியின் போன் திரையில் அவர் முகம், வாய் திறந்தபடி, ஒரு கண் பாதி மூடியபடி, அசையாமல் நின்றது.

பார்கவி சிரித்த சிரிப்பு கதவைத் தாண்டி உள்ளே கேட்டிருக்கும். அவர் வெளியே வந்து அந்தப் படத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், "நானே கட்டி, நானே அடச்சிட்டேனா?"

"அடைக்கல அண்ணா. ஒரு ஓட்டை போட்டா போதும். கேபிள் உள்ள போயிடும்."

ட்ரில்லை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வேண்டாம் என்கிறார் என்று நினைத்தேன்.

"நீ போட்டா ஷீட்டு பிசிரும்பா. என் கோடைக்கு நான்தான் ஓட்டை போடுவேன்."

உள்ளே போய்த் தன் ட்ரில்லைக் கொண்டுவந்தார். பென்சிலில் குறித்து, மூலையில், தரையிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில், ஒரே அழுத்தில் சுத்தமாகத் துளை போட்டார். கேபிள் தகரத்தில் உரசிக் கிழியாமல் இருக்க ஒரு ரப்பர் வளையமும் மாட்டினார். அந்த மாதிரி நேர்த்தியாக எங்கள் கம்பெனியில் யாரும் துளை போட்டு நான் பார்த்ததில்லை.

பரணில் பழைய ரவுட்டர் ஒன்று சும்மா கிடந்தது. ஹால் ரவுட்டரிலிருந்து ஒரு லேன் கேபிளைத் துளை வழியாக இழுத்து, சேஷய்யா கூடவே நிற்க, அந்தப் பழைய ரவுட்டரை அறைக்குள் இரண்டாவது வைஃபையாக வைத்தேன். அதில் டிஹெச்சிபியை ஆஃப் செய்துவிட வேண்டும். ஒரு வீட்டில் ஐபி எண் கொடுக்கிற ஆள் ஒருவர்தான் இருக்கலாம், இரண்டு பேர் கொடுத்தால் குழப்பம். கால் எடுக்கிற லேப்டாப்புக்கு வைஃபையே வேண்டாம் என்று நேரடியாக ஒரு சின்ன கேபிள் கொடுத்தேன்.

கதவைச் சாத்திக்கொண்டு, பேப்பரில் எழுதிக்கொண்டு வந்தாள். தொண்ணூற்று நாலு. தொண்ணூற்று ஐந்து. தொண்ணூற்று ஐந்து.

டேபிள் ஃபேன் அவள் அறைக்குத் திரும்பிப் போனது.

5. மெமோ

திங்கள்கிழமை காலை ஆபீசில் மெமோ தயாராக இருந்தது. ஒரே டிக்கெட்டுக்கு அரை நாள் செலவு, மேலதிகாரி பேச்சைக் கேட்கவில்லை. தினகர் சார் பேனாவை நீட்டினார்.

"கையெழுத்து போடறேன் சார். அதுக்கு முன்னாடி அந்த டிக்கெட்டுல ரீசன மாத்துங்க. சம்மர்னு இருக்குது. அத எடுத்துட்டு இங்கிலீஷ்ல வால்னு போடுங்க."

"அந்தப் பொண்ணு கோடன்னுதான்யா சொல்லிச்சு! என் காதால கேட்டேன்."

"அது சொன்னது சரிதான் சார். நாம கேட்டதுதான் தப்பு. தெலுங்குல கோடன்னா செவுரு."

சனிக்கிழமை சிரித்த அதே பக்கத்து சீட்டுக்காரர் இப்போதும் சிரித்தார். இந்த முறை என்னைப் பார்த்து இல்லை.

"ரீசன்ல இன்னா இருந்தா உனக்கு இன்னாய்யா? டிக்கெட்டுதான் க்ளோஸ் ஆயிடுச்சே."

"அடுத்து அந்த வீட்டுக்குப் போறவன் மறுபடி ரவுட்டருக்கு ஃபேன் வைப்பான் சார்."

தினகர் சார் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். பிறகு கீபோர்டைத் தட்டினார். ஸ்கிரீனை என் பக்கம் திருப்பிக் காட்டச் சொன்னேன். காட்டினார். வால் என்று இருந்தது. மெமோவில் கையெழுத்துப் போட்டேன்.

மத்தியானம் நான் அலிபிரி பக்கம் ஏணியில் நின்றுகொண்டிருந்தேன். பார்கவி கூப்பிட்டாள். "பதினோரு கால் அண்ணா. ஒண்ணுகூட கட் ஆகல. டீம் லீடர் கடைசியில இன்னா கேட்டாங்க தெரியுமா? ஆபீசுக்கு வந்து உக்காந்திருக்கியா, இவ்ளோ அமைதியா இருக்கேன்னு கேட்டாங்க. எங்க நாய்னா கட்டின ரூம்னு சொன்னேன்." பின்னால் சேஷய்யாவின் குரல்: "அரவோடு சாப்ட்டானான்னு கேளு!"

அந்த மெமோ இன்னும் என் ஃபைலில் இருக்கிறது. எடுத்துவிடச் சொல்லி நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் நான் இரண்டு வேலையை விடுவதில்லை. அவர்கள் உட்காருகிற இடத்தில், அவர்கள் கதவைச் சாத்துகிற மாதிரி சாத்தச் சொல்லி டெஸ்ட் பண்ணுவேன். நாம் நிற்கிற இடத்தில் நன்றாக வருகிறது என்பதால் அவர்களுக்கும் வருகிறது என்று ஆகாது. இரண்டாவது, அவர்கள் சொல்கிற வார்த்தையை அவர்கள் வாயிலிருந்தே ஒரு முறை கேட்பேன். தினகர் சாரும் இப்போது சில நேரம் போன் பண்ணிக் கேட்கிறார், "வேலு, கஸ்டமர் பண்டன்னு சொல்றாங்க, இன்னா அது?" என்று. பாறை சார் என்கிறேன்.

பெரியவளே, நாளைக்கு வகுப்பில் யாராவது அரைகுறை என்றால் தலையைக் குனியாதே. மூன்று பேர் முழுசாக ஒரு பாஷையை வைத்துக்கொண்டு ரவுட்டருக்குக் காற்று வீசிவிட்டு வந்தார்கள். உன் நைனா இரண்டு பாஷையோடு போனான், சுவரைத் தட்டினான். நான் வந்துகினு இருக்கேன் என்றுதான் இனியும் சொல்லுவேன். நீயும் சொல்லு.